மைக் மென்ட்ஸரும் அளவறிந்த தேகாப்பியாசமும்

மாலை ஐந்து மணி ஆனதும் நம் விடுதிகளினின்றும் மாணவர் சிறு சிறு குழுவினராய்ப் புறப்பட்டு, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களிலுள்ள தேகப்பயிற்சிச் சாலைகளை நோக்கிச் செல்லும் காட்சி நாம் நாள்தோறும் காண்பதொன்று. அவருட் பலர் இரண்டு மணி நேரம் அங்கே கழித்து, விடுதி உணவு ஆறிய பின்னரே மீளுகின்றனர். மற்றொரு சாராரும் உளர். அவர் செங்கற்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் மின்சார ரயிலில் வந்து போகிறவர். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கிட்டாமையால், தேகாப்பியாசம் தமக்கு எட்டாப் பொருள் என்று கைவிட்டவர். இவ்விரு சாராரையும் ஆள்வது ஒரே எண்ணமாம். எவ்வளவு நேரம் செலவிடுகின்றோமோ அவ்வளவு வலிமை வளரும் என்பதே அது. இவ்வெண்ணம் மெய்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் துணையாக, இதனை மறுத்துத் தம் வாணாளின் பெரும்பகுதியை வாதத்திலேயே கழித்த மைக் மென்ட்ஸர் என்னும் அமெரிக்கரின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன்.

நம் நாட்டில் அவ்வெண்ணம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. பெரும் பயில்வான்களைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகளெல்லாம் எண்ணிக்கையைப் பற்றியனவே. காமா என்னும் மல்லர் நாள்தோறும் ஆயிரக் கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்பர். மார்பின்மீது யானையை ஏற்றிக்கொண்டவரெனப் புகழ்பெற்று 1942-இல் மறைந்த கோடி ராமமூர்த்தி நாயுடு ஆந்திர நாட்டினர். ஆயினும் நமக்கு அணித்தான சைதாப்பேட்டையில் ஓராண்டு தங்கித் தேகப்பயிற்சி ஆசிரியர்க்குரிய கல்வி பெற்றவர் என்று அவர் வரலாறு கூறும். வங்காளத்து மனோகர் ஐச் என்பார், ஆங்கிலேயரின் விமானப் படையில் பணியாற்றுங்கால் மேலதிகாரி ஒருவரை அறைந்து சிறைப்பட்டார். சிறையிலே கருவி யாதுமின்றி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை பயின்றதாகத் தாமே சொல்லியிருக்கின்றார். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய அவர் 1952-இல் தம் உயரத்தார் பிரிவில் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ பட்டம் பெற்றார். பின்னர் நூறாண்டும் கடந்து வாழ்ந்து 2016-இல் மறைந்தார். இத்தகையோரைக் கேட்டு வளர்ந்த இளைஞன், மிகுதியே வலிமைக்கு வழி என்று எண்ணுவதில் வியப்பில்லை.

யானும் அவ்வாறே எண்ணினேன். இக்கல்லூரியில் முதலாண்டு மாணவனாயிருந்தபோது புகைவண்டிப் பாதையை அடுத்த ஒரு பயிற்சிச் சாலையிற் சேர்ந்து, வாரத்துக்கு ஆறு நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் இரும்பைத் தூக்கினேன். மூன்றாம் திங்களில் வலத்தோளில் ஒரு வலி தோன்றிற்று. அதனை வீரத்தின் அடையாளம் என்று கருதிப் பொருட்படுத்தாமல் விட்டேன். தேர்வு எழுதுங்கால் மூன்றாவது மணி நேரத்தில் என் கை மேசையினின்றும் எழ மறுத்தது. பின்னர் ஒரு மருத்துவரிடம் சென்றேன். “ஓய்வு நாள் எது?” என்று அவர் கேட்டார். “ஞாயிறு” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய்?” என்றார். “காலை முதல் மாலை வரை கிரிக்கெட் ஆடுவேன்” என்றேன். அவர் மருந்துச்சீட்டை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் என்னையே நோக்கியிருந்தார். மென்ட்ஸரின் பெயர் எனக்கு அறிமுகமானது அதன் பின்னர்த்தான்.

மைக் மென்ட்ஸர் 1951-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ஆம் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்தின் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். அம்மாகாணத்தின் எப்ராட்டா என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பன்னிரண்டு வயதில் தந்தையார் அவருக்கு எடைக்கருவிகள் சில வாங்கித் தந்தார். அவற்றோடு வந்த சிறு புத்தகம், வாரத்துக்கு மூன்று நாட்கு மேல் பயிலற்க என்று எச்சரித்திருந்தது. சிறுவர் அதனை அவ்வாறே கடைப்பிடித்தார். பதினைந்தாம் வயதில் அவர் உடலின் எடை 165 ராத்தல். மல்லாந்து படுத்து மார்பின்மேல் அவர் உயர்த்திய பாரமோ 370 ராத்தல் என்று கூறப்படுகின்றது. அஃதாவது, ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள பையன் 168 கிலோ பாரத்தை உயர்த்தினான் என்க. அறியாப் பருவத்தில் அறிவோடு பயின்ற அவர், அறியத் தொடங்கிய பருவத்தில் அதனைக் கைவிட்டதுதான் விந்தை. பள்ளிப்படிப்பு முடிந்து அந்நாட்டு விமானப் படையிற் சேர்ந்தவர், அங்கே மற்ற வீரர்களைப் பின்பற்றி நாள்தோறும் மூன்று மணிக்கு மேலாக, வாரத்துக்கு ஆறு நாள் பயிலத் தொடங்கினார். விமானப் படைத் தளத்தின் அருகே வாழும் தாம்பரத்தார்க்கு அப்படைவீரரின் ஒழுங்கைப் பற்றி யான் சொல்ல வேண்டுவதில்லை. ஒழுங்கு மிக்கவரே மிகுதியான பயிற்சிக்கு முதலில் இரையாவர்.

1971-இல் ‘மிஸ்டர் அமெரிக்கா’ போட்டியில் மென்ட்ஸர் பத்தாம் இடத்தையே பெற்றார். அப்பட்டத்தைப் பெற்றவர் கேஸி வயேட்டர் என்னும் பத்தொன்பது வயது இளைஞர். அவரை அணுகி மென்ட்ஸர் உசாவியபோது, ஆர்தர் ஜோன்ஸ் என்பவரிடம் தாம் பயில்வதாகவும், அப்பயிற்சி குறுகிய நேரத்ததாயினும் மிகக் கடுமையானதென்றும் வயேட்டர் கூறினார். இந்த ஜோன்ஸ் (1926–2007) ஒரு விசித்திர மனிதர். காட்டு விலங்குகளைப் பிடிப்பதும் திரைப்படம் எடுப்பதுமாய் உலகைச் சுற்றியவர். இறுதியிற் புளோரிடா மாகாணத்தில் தங்கி, ‘நாட்டிலஸ்’ என்னும் தேகப்பயிற்சி யந்திரத்தை அமைத்தார். நாட்டிலஸ் என்பது அறைகளாகச் சுருண்ட ஓடுடைய ஒரு கடலுயிரின் பெயர். யந்திரத்தின் சக்கரம் வட்டமாயிராது அவ்வோட்டினைப் போலச் சுருண்டு செல்வதால் அப்பெயர் வந்தது. கையை மடக்கும்போது சில நிலைகளில் தசைக்கு வலிமை மிகுதி, சில நிலைகளிற் குறைவு. சாதாரண இரும்பு இவ்வேறுபாட்டை அறியாது. சுருண்ட சக்கரமோ, வலிமை மிகும் நிலையிற் பாரத்தை மிகுவித்தும் குறையும் நிலையிற் குறைத்தும் தசையை ஓயவிடாது வேலை வாங்கும்.

ஜோன்ஸ் மென்ட்ஸரிடம் தொலைபேசியிற் கூறிய கருத்தின் சாரம், தசையின் வளர்ச்சிக்கு வேண்டுவது வேலையின் கடுமையேயன்றி வேலையின் நீளம் அன்று என்பதே. இதனை நாம் சிறிது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஒரு தசையிலுள்ள நார்களெல்லாம் ஒருங்கே வேலை செய்வதில்லை. இலேசான பொருளை எடுக்கும்போது மூளை சிறிய நரம்புகளின் வாயிலாகச் சில நார்களை மட்டும் ஏவுகின்றது. முயற்சி கடுமையாகக் கடுமையாகப் பெரிய நரம்புகளும் அவற்றிற்குரிய வலிய நார்களும் வரிசையாக எழுப்பப்படுகின்றன. இவ்வரிசை முறையை எல்வுட் ஹென்னிமன் என்னும் உடலியல் அறிஞர் 1960-களில் தெளிவுறுத்தினார். ஆகவே, பாரத்தைப் பத்து முறை உயர்த்தி, பதினோராம் முறை எவ்வளவு முயன்றும் உயராத நிலையை ஒருவன் அடைவானாயின், அக்கடைசி இரண்டு மூன்று முறைகளிலேதான் அவனுடைய வலிய நார்கள் யாவும் விழித்து வேலை செய்கின்றன. இருபது முறை உயர்த்த வல்லவன் பத்தோடு நிறுத்திவிட்டு இளைப்பாறி, மீண்டும் பத்து, மீண்டும் பத்து என்று எண்ணிக்கையைப் பெருக்கினால், அவ்வலிய நார்கள் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும்.

இனி, ஓய்வைப் பற்றிய பகுதி. பயிற்சி தசையை வளர்ப்பதில்லை. வளர்க்குமாறு உடலைத் தூண்டுகின்றது. வளர்ச்சி நிகழ்வது பின்னர், உணவினாலும் உறக்கத்தினாலுமாம். நம் புறநகர் வீடுகளில் கிணறு வைத்திருப்பவர் இதனை எளிதில் உணர்வர். கோடையில் ஓரளவு இறைத்துவிட்டு ஊற விட்டால் விடியலில் மீண்டும் நீர் நிற்கும். ஊறுமுன் மீண்டும் மீண்டும் இறைப்பவனுக்குச் சேறுதான் வரும். இறைக்கும் யந்திரத்தின் வலிமையை எத்துணை மிகுவித்தாலும் ஊற்றின் வேகம் மிகாது. மென்ட்ஸர் தம் வாணாள் முழுதும் வற்புறுத்தியது இவ்வூற்றைப் பற்றியே. ஓய்வை மருந்தாக அளந்து கொடுப்பது இவ்வூருக்குப் புதிதன்று. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அவர்கள் தாம்பரத்தில் சயரோக மருத்துவ நிலையத்தை நிறுவியபோது, அந்நோயைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இருந்ததில்லை. நற்காற்றும், நல்லுணவும், அளவிட்ட ஓய்வும், அளவிட்ட உழைப்புமே அக்காலத்து மருத்துவர் கையாண்ட கருவிகள். ‘சானடோரியம்’ என்னும் ரயில் நிலையத்தின் பெயரை நாள்தோறும் படிக்கும் நம்முள் எத்தனை பேர் அதன் பொருளை எண்ணிப் பார்க்கின்றோம்!

நிற்க. தோளிற் பட்ட ஊறு காரணமாக மென்ட்ஸர் சில ஆண்டுகள் பயிற்சியை விட்டிருந்தார். அக்காலத்தில் மருத்துவராகும் விருப்பத்தோடு மேரிலாந்து சர்வகலாசாலையிற் படித்தார். மீண்டும் தொடங்கியபோது ஜோன்ஸின் முறையையே கைக்கொண்டார். 1975-இல் மிஸ்டர் அமெரிக்கா போட்டியில் மூன்றாம் இடமும், 1976-இல் முதலிடமும் பெற்றார். 1978-இல் மெக்ஸிகோ நாட்டு அக்காபுல்கோ நகரில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் நடுவர் அனைவரும் முழு மதிப்பெண் அளிக்க, 300-க்கு 300 பெற்றார். அதற்கு முன் எவரும் அவ்வாறு பெற்றதில்லை. மறு ஆண்டு ‘மிஸ்டர் ஒலிம்பியா’ போட்டியின் பேரெடைப் பிரிவிலும் அவ்வாறே 300 பெற்று வென்றார். ஆயினும் முழுப்பட்டம் தம்மினும் சிறிய உடலினரான பிராங்க் ஸேன் என்பவருக்குச் சென்றது. 1980-இல் ஸிட்னியில் நடந்த போட்டியில் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் பட்டம் பெற்றார். மென்ட்ஸர் முதல் மூவருள்ளும் வரவில்லை. அத்தீர்ப்பைப் பற்றிய பூசல் அத்துறையினரிடையே நெடுங்காலம் ஓயாதிருந்தது. நமக்கு அது வேண்டா. அதன் பின்னர் அவர் போட்டியிடவேயில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பதும் நிரம்பவில்லை.

அவர் தம் முறைக்கு ‘ஹெவி டியூட்டி’ என்று பெயரிட்டார். முதலிற் சிறிது உடலைச் சூடேற்றிக்கொள்ளுதல். பின்னர் ஒரு பயிற்சிக்கு ஒரே ‘செட்’, அஃதாவது ஒரே தொடர். அதில் ஆறு முதல் பத்து முறை வரை, பாரத்தை வீசாமலும் துள்ளாமலும் மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குதல். இனி ஒரு முறையும் இயலாது என்னும் எல்லை வரை செல்லுதல். பிறகு அத்தசையை விட்டுவிடுதல். ஒவ்வொரு நாளும் எடுத்த பாரத்தையும் முறைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் இன்றியமையாதது என்றார். சென்ற முறையினும் இம்முறை ஒன்றேனும் கூடவில்லையெனில் ஓய்வு போதவில்லை என்று பொருள் என்பது அவர் வாதம். இது வரை அவர் கூறியதில் எனக்கு மாறுபாடில்லை.

ஆனால் மென்ட்ஸர் அவ்விடத்தில் நிற்கவில்லை. அவருக்குத் தத்துவ நூல்களில் ஈடுபாடு மிகுதி. அயன் ராண்ட் என்னும் ஆசிரியையின் நூல்களை ஆழ்ந்து கற்றவர். உண்மை ஒன்றே என்பதால், உடற்பயிற்சிக்கும் ஒரே சரியான முறைதான் இருத்தல் கூடும் என்று முடிவு கட்டினார். ஒரு கருத்தினின்றும் அடுத்ததைத் தருக்க முறையிற் பெறுவது கணக்கிற்குப் பொருந்தும். இரத்தமும் நிணமுமான உடலுக்கு முழுதும் பொருந்துமா? குறைத்தல் நன்று என்றால் மேலும் குறைத்தல் மேலும் நன்று என்று சென்று, 1990-களில் தம்மிடம் பயின்றோருக்கு நான்கு நாட்கு ஒரு முறை, ஏழு நாட்கு ஒரு முறை என்று ஓய்வை நீட்டிக்கொண்டே போனார். மிகுதியை எதிர்த்து எழுந்தவர், குறைவிலே மிகுதியை நாடினார் என்று சொல்லலாம்.

இம்முறைக்குச் சான்றாகப் பலரும் காட்டும் ஒரு நிகழ்ச்சியையும் இங்கே எடைபோட்டுப் பார்த்தல் நலம். 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொலராடோ மாகாணத்துச் சர்வகலாசாலை ஒன்றில், மேற்கூறிய வயேட்டர் ஜோன்ஸின் மேற்பார்வையிற் பயின்று 28 நாட்களில் 63 ராத்தல் தசை பெற்றார் என்று அறிவிக்கப்பட்டது. கேட்போர் திகைப்பர். ஆயின் வயேட்டர் அதற்குச் சில திங்கள் முன்னர்த் தொழிற்சாலை விபத்தொன்றில் கைவிரலின் ஒரு பகுதியை இழந்து, மருந்து ஒவ்வாமையால் நோயுற்று, உடல் மெலிந்திருந்தவர். இழந்த தசையை மீளப் பெறுதல் புதிதாகப் பெறுவதினும் பன்மடங்கு எளிது. பிறப்பிலேயே அரிய உடலமைப்பு வாய்த்தவருமாவர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. இதனைச் சோதனை என்பதினும் விளம்பரம் என்பதே பொருத்தமாம்.

செவ்விய சோதனைகள் பிற்காலத்தில் நிகழ்ந்தன. 2019-இல் பிராட் ஷோன்பெல்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்னரே பயிற்சியுள்ள இளைஞர் 34 பேர் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பயின்றனர். ஒரு குழுவினர் ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு செட்டும், மற்றொரு குழுவினர் மூன்று செட்டும், மூன்றாம் குழுவினர் ஐந்து செட்டும் செய்தனர். முதற்குழுவினருக்கு ஒரு வேளைக்கு ஆன நேரம் ஏறத்தாழ 13 நிமிஷம். மூன்றாம் குழுவினருக்கு ஒரு மணிக்கு மேல். முடிவிலே, வலிமை மூன்று குழுவினருக்கும் ஏறக்குறைய ஒத்தே உயர்ந்திருந்தது. தசையின் பருமன் மட்டும் செட்டுகள் மிக மிகப் பெரும்பாலும் மிகுந்திருந்தது. 2017-இல் அவரே பிறரோடு கூடிப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியபோதும், பருமனுக்குச் செட்டுகளின் எண்ணிக்கை உதவுகின்றது என்றே கண்டனர். அன்றியும், ஒரு பயிற்சிக்குப் பின் தசையில் புரதம் மிகுதியாகச் சேரும் நிலை ஒன்றிரண்டு நாட்களே நீடிப்பதால், ஏழு நாள் காத்திருத்தல் வீண்.

ஆக, மென்ட்ஸர் பாதி வென்றார், பாதி தோற்றார். வலிமையும் நலமும் வேண்டுவோனுக்கு அவர் சொன்ன சிறு அளவு போதும் என்பது உண்மையாயிற்று. இதுவே செங்கற்பட்டு ரயிலில் வரும் நண்பருக்கு யான் சொல்ல விரும்பிய செய்தி. போட்டி மேடைக்குரிய பருமனை விரும்புவோனுக்கு அது போதாது. ஆனால் நம்முள் எத்தனை பேர் மேடை ஏறப் போகின்றோம்?

இன்னும் இரண்டு செய்திகளை மறைத்தல் தகாது. அக்காலத்து முன்னணி வீரர் பலரைப் போல மென்ட்ஸரும் தசையை வளர்க்கும் ‘ஸ்டீராய்டு’ மருந்துகளை உட்கொண்டவர். ஆகலின் அவருடைய உருவத்தைக் காட்டி அவருடைய முறையை மெய்ப்பிக்க இயலாது. மற்றொன்று, கடுமையே கேடு செய்யவும் வல்லது என்பது. அவரிடம் ஆலோசனை பெற்ற ஆங்கிலேயர் டோரியன் யேட்ஸ், குறைந்த செட்டுகளைக் கொண்டே 1992 முதல் 1997 வரை ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் பெற்றார். ஆயினும் 1994-இல் அவருடைய புயத்தின் முன்தசையும், 1997-இல் பின்தசையும் கிழிந்தன. அத்துடன் அவர் போட்டி வாழ்வு முடிந்தது.

மென்ட்ஸரின் பிற்கால வாழ்வு துயர் நிறைந்தது. 1980-களில் மனநோயால் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. அதனின்று மீண்டு 1990-களில் பலருக்குப் பயிற்சியளித்தும் எழுதியும் பெயர் பெற்றார். அவருடைய இளவல் ரே மென்ட்ஸரும் 1979-இல் மிஸ்டர் அமெரிக்கா பட்டம் பெற்றவர். பின்னர்ச் சிறுநீரக நோயால் நலிந்திருந்தார். 2001-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி கலிபோர்னியாவில் தம் இல்லத்தில் மைக் இதயக் கோளாற்றால் இறந்து கிடந்ததை முதலிற் கண்டவர் அவ்விளவலே. இரண்டு நாள் கழித்து அவரும் மறைந்தார். மைக்கிற்கு வயது நாற்பத்தொன்பது. சிறையிற் பன்னிரண்டு மணி நேரம் பயின்ற ஐச் நூறாண்டு கடந்து வாழ, சில நிமிஷமே போதும் என்றவர் ஐம்பதைக் காணவில்லையே என்று சிலர் நகையாடலாம். இருவர் வாணாளைக் கொண்டு இரண்டு முறைகளைத் தீர்ப்பிடுதல், கொலராடோ நிகழ்ச்சியைச் சோதனை என்பதனோடு ஒக்கும்.

இனி விடுதி மாணவர் செய்யத்தக்கது யாது? வாரத்துக்கு மூன்று நாள், இருபது இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்குதல் போதும். பாரத்தைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுதல், கட்டையைப் பற்றித் தொங்கி மேலெழுதல், தண்டால், பாரத்தைத் தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகிய நான்குமே உடலின் பெரும்பகுதியை எட்டிவிடும். முதலில் இலேசான பாரத்தாற் சூடேற்றிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது இரண்டு செட் மெய்யான முயற்சியோடு செய்க. புதியவர் எல்லை வரை செல்ல வேண்டா. இன்னும் இரண்டு முறை இயலும் என்னும்போதே நிறுத்துக. மூச்சை அடக்காதீர்கள். பாரத்தைச் சுமந்து உட்காரும்போது துணைவர் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். இதய நோயோ இரத்த அழுத்தமோ உடையவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கற்க. பொடிகளுக்குச் செலவிடும் பணத்தில் வேர்க்கடலையும் முட்டையும் பாலும் எத்தனை திங்களுக்கு வரும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். யான் கணக்கிட்டு வெட்கமுற்றேன்.

என் குறிப்பேடு மேசைமீது கிடக்கின்றது. செவ்வாயும் வெள்ளியும் மாலை இருபது நிமிஷம். ஞாயிறு காலை இருபது நிமிஷம். தோள்வலி நீங்கி ஆண்டுகள் பல ஆயின. சென்ற வெள்ளிக்கிழமை தொங்கி மேலெழுதலில் ஒன்பது முறை. அதற்கு முந்தின வாரம் எட்டு. கிரிக்கெட்டை மட்டும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.